"தந்தம் என்று சொல்லி ஏமாற்றினார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏழு மாதம் முன்பு பேத்திக்காகச் சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் வீணை வாங்கினேன். "80 வருஷத்துத் தஞ்சாவூர் ஏகாந்த வீணை, ஒரே பலாக்கட்டை, தந்த வேலைப்பாடு, புவிசார் குறியீட்டு முத்திரை உண்டு" என்று கடைக்காரர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார். 1,85,000 ரூபாய் கொடுத்தேன். 35,000 ஜிபேயில், மீதி ரொக்கமாக. பில்லில் "பழைய வீணை 1, ரூ. 35,000" என்று மட்டும் இருக்கிறது. போன வாரம் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி சேர்க்க, தஞ்சாவூர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். குடமும் (உருண்டையான அடிப்பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) தனித்தனியாகச் செய்து ஒட்டியவை, தந்தம் என்பது பிளாஸ்டிக் என்றார். போனில் கேட்டால் கடைக்காரர் மரியாதையில்லாமல் பேசுகிறார். பாட்டு டீச்சர் முன்னால் தலைகுனிவு. புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் வழக்குப் போடலாமா? போலீசுக்குப் போகலாமா? தந்தம் என்று சொல்லி ஏமாற்றியதுதான் எனக்குப் பெரிய வலி.

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது இரண்டே சொல். "ஒரே பலாக்கட்டை" என்று அவர் எழுத்தில் சொல்லியிருக்கிறார். சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்பதற்கு அது போதும். மரியாதையில்லாத பேச்சு, டீச்சர் முன்னால் தலைகுனிவு, இதற்கெல்லாம் மன உளைச்சல் என்று நுகர்வோர் ஆணையம் ஏதோ ஒரு தொகை போடும், போடாமலும் விடும். அதை விடுங்கள்.

புவிசார் குறியீட்டையும் விடுங்கள். அந்தச் சட்டத்தில் உரிமை மீறல் வழக்குப் போடும் உரிமை, குறியீட்டைப் பதிவு செய்தவர்களுக்கும் அதைப் பயன்படுத்தப் பதிவு பெற்ற கலைஞர்களுக்கும்தான் இருக்கிறது. போலிக் குறியீட்டுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை உண்டு, ஆனால் அதனால் உங்கள் பணம் வராது. மேலும், ஒட்டு வீணையும் தஞ்சாவூர் வீணைதான். பல நல்ல வித்வான்கள் வாசிப்பது அதைத்தான். அதைப் "போலி" என்று மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பத்தியிலேயே உங்களைக் கவிழ்ப்பார். தஞ்சாவூர் வீணைக்குக் குறியீடு பதிவானதே 2013இல். 80 வருஷத்து வீணையில் அந்த முத்திரை என்றபோதே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவது எப்படி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருச்சியிலேயே போடலாம், இரண்டு வருஷக் கெடு இன்னும் முடியவில்லை, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ரொக்கம் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் ஆதாரம் தேடுங்கள். அன்றைக்கு வங்கியில் எடுத்த கணக்கு, விலை பேசிய வாட்ஸப் செய்தி, ஏதாவது.

அப்புறம், இன்றைக்கே ஆசாரிக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மெட்டைப் பிடுங்கி மெழுகு மாற்றி மேளம் கட்டி முடித்தால் "வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்பார்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 42வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகு வீணையைத் திருப்பித் தர முடியாது, நஷ்டஈடுதான் கேட்கலாம். ஏழு மாதம் வைத்திருந்ததையே அவர்கள் சொல்வார்கள், கூடவே இதையும் ஏன் கொடுக்கிறீர்கள்? ஒட்டு தெரிகிற இடத்தைப் படம் எடுத்து, ஆசாரியிடம் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி தந்தம். மேலே சொன்னது எல்லாம் சில்லறை, இதுதான் உங்களை மாட்டிவிடும்.

யானைத் தந்த வியாபாரம் நம் நாட்டில் முழுவதும் தடை. தாத்தா காலத்துத் தந்தம் வீட்டில் இருந்து, அதற்கு முறையான உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கூட அதை விற்க முடியாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2003இல் அமலுக்கு வந்த திருத்தம் அப்படி. தண்டனை 3 முதல் 7 வருஷம். ஆகவே "தந்தம் என்று நம்பி வாங்கினேன், பிளாஸ்டிக் கொடுத்துவிட்டார்" என்று நீங்கள் எழுதினால், தடை செய்த பொருளை வாங்கப் பணம் கொடுத்தேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்கள். ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவின்படி அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. அது நிறைவேறவில்லை என்று எந்த மன்றத்திலும் கேட்க முடியாது.

பிளாஸ்டிக்தானே, குற்றம் எங்கே இருக்கிறது என்பீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் முயற்சி செய்தாலே குற்றம் செய்ததாகக் கருதலாம், 52வது பிரிவு. பிளாஸ்டிக் வாங்கியவர்மேல் அது நிற்காது என்று நானே வாதாடுவேன். ஆனால் வீணைக் காசைத் திரும்பக் கேட்கப் போனவர் வாதாட வேண்டிய வழக்கா அது?

சில வருஷம் முன்பு என் கட்சிக்காரர் ஒருவர் பழைய தம்புரா வாங்கினார், அதன் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) தந்தம் என்று. எலும்பு என்று தெரிந்ததும், என்னிடம் வருவதற்கு முன்னாலேயே தானே கோபமாக ஒரு கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். பதில் வந்தது. "தாங்கள் யானைத் தந்தம் வாங்க விரும்பியதை ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று ஆரம்பம், கீழே மாவட்ட வன அலுவலருக்கு நகல். தம்புராவின் விலையைவிட முன்ஜாமீனுக்கு அதிகம் செலவானது.

சரி, தந்தத்தைப் பற்றிப் பேசாமல் கட்டையை மட்டும் வைத்து மனுப் போடலாமே? முடியாது. "ஒரே பலாக்கட்டை, தந்த வேலைப்பாடு" இரண்டும் ஒரே செய்தியில் இருக்கின்றன. உங்கள் வழக்கும் அதில்தான், தலைவலியும் அதில்தான். பாதியை வெட்டித் தாக்கல் செய்தால் மீதியை அவர் தாக்கல் செய்வார், நீங்கள் மறைத்தவர் ஆவீர்கள். செய்தியை அழிக்கவும் கூடாது.

இன்னொன்று. ஆசாரி சூடான ஊசியை ஒரு இடத்தில் வைத்து உருகுகிறதா என்று பார்த்திருப்பார். பழைய வீணைகளில் பழுது பார்க்கும்போது சில துண்டுகள் மட்டும் மாறியிருக்கும். பிரடையின் (தந்தியை முறுக்கும் ஆணி) கொண்டை, குடத்துப் பூ, யாளியின் பல், எல்லாம் பிளாஸ்டிக்கா? ஒரே ஒரு துண்டு நிஜத் தந்தம் என்றாலும் உங்கள் நிலைமை வேறு. மான் கொம்பு என்றாலும் சிக்கல்தான். அப்போது கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதும் கை மாற்றுவதுதான், செய்யாதீர்கள். வீணையை அசைக்காமல் ஒரு வக்கீலோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எல்லாம் பிளாஸ்டிக் என்று உறுதியானால் சமரசமாகப் போங்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், நீங்கள் என் கட்சிக்காரராக இருந்தால் வழக்குப் போட விடமாட்டேன். அந்தச் செய்தியை எழுதியவர் அவர், தந்தம் விற்பதாகச் சொன்னவரும் அவர். உங்களைவிட அவருக்குப் பயம் அதிகம் இருக்க வேண்டும். வீணையைத் திருப்பிக் கொடுத்து ஒன்றேகால் லட்சம் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி வழியாக, எழுத்தில், இருவர் கையெழுத்தோடு. வீணையை வைத்துக்கொண்டு ஒரு லட்சம் வாங்குவதும் மோசமில்லை, ஒட்டு வீணை பேத்தி கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

ஆனால் பேரம் பேசும்போது "பணம் தராவிட்டால் வனத்துறைக்கு எழுதுவேன்" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அது மிரட்டிப் பணம் பறிப்பது, குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308வது பிரிவு. அவர் போனைப் பதிவு செய்துகொண்டிருப்பார் என்றே வைத்துப் பேசுங்கள். ஃபேஸ்புக்கில் கடை பெயரைப் போடுவதும் வேண்டாம். உங்கள் மகனிடமும் சொல்லிவையுங்கள், பொதுவாகப் போடுவது அவர்கள்தான்.