வயதானால் மூக்குக்கு வாசனை தெரிவது குறைந்துவிடுமா?

குறையும். கண் மங்கினாலும் காது மந்தமானாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். மூக்கு மெல்ல மெல்லக் குறைவதால், அந்த ஆளுக்கே தெரியாது. எங்கள் ஆச்சி விஷயத்தில் இது புரிய எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆச்சி அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள், வயது 78. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டைப் பிரித்து முகர்ந்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் காறல் தேங்காயில் சொதி வைத்துவிட்டாள். எங்களால் வாயில் வைக்க முடியவில்லை. "நல்லாத்தாம்ல இருக்கு" என்று அவள் மட்டும் சாப்பிட்டாள். அப்புறம் சாம்பாரில் காயம் தூக்கலானது, எல்லாவற்றிலும் உப்பு கூடியது. கைப்பக்குவம் போய்விட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரிச் சில சுவைகள்தான். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம். அதை உணரும் நரம்பு செல்கள் மூக்கின் உச்சியில் சிறு சவ்வில் இருக்கின்றன. அவை அழிந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். வயதாக ஆக அந்த முளைப்பு தளர்ந்துவிடுகிறது. 1984இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 65 முதல் 80 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேலும், 80 தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேலும் மோப்பம் நன்றாகக் குறைந்திருந்தது.

ருசி கெடுவதைவிட நான் பயப்படுவது காஸுக்கு. சமையல் காஸுக்கென்று தனி வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஒருநாள் சாயங்காலம் நான் வாசலில் கால் வைத்ததுமே அந்த நாற்றம் அடித்தது. ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பின் திருகு பாதி திறந்திருந்தது. ஓடிப்போய் மூடிவிட்டு ஜன்னல்களைத் திறந்தேன், சுவிட்ச் எதையும் தொடவில்லை. மறுநாளே காஸ் அலாரம் வாங்கி மாட்டினோம். வயதானவர்கள் தனியாகச் சமைக்கும் வீடென்றால் தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள்.

வாசனை திடீரென்று போனாலோ, கை நடுக்கமோ மறதியோ சேர்ந்து வந்தாலோ வயசு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோயில் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே மோப்பம் குறைவதுண்டு.

முகர்ந்து பழகும் பயிற்சியும் இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். சளிக் காய்ச்சலுக்குப் பின் மோப்பம் போனவர்களுக்குத்தான் இது அதிகம் உதவியிருக்கிறது. வயதானவர்களுக்கும் ஓரளவு பலன் உண்டு. ஆச்சி ரோஜாவுக்குப் பதில் பிச்சிப்பூதான் வேண்டும் என்றாள். சரி என்று விட்டோம்.

இப்போது தேங்காய் உடைத்ததும் ஒரு மூடியை என்னிடம் நீட்டுகிறாள். நான் முகர்ந்து சொல்கிறேன், சொதியை அவள்தான் வைக்கிறாள்.