ஐ.சி.யூ. வாசலில் வரும் கேள்விகள்

தலைக்காயத்தால் நினைவில்லாமல் இருப்பவர்களின் குடும்பத்தார் கேட்டவை. பதில் தருபவர்கள்: தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர், மருத்துவமனை மனநல ஆலோசகர் ஒருவர்.

கேள்வி: என் கணவருக்கு விபத்தில் தலையில் பலத்த அடி. ஐந்து நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று ‘ஜி.சி.எஸ். 7’ என்றார்கள், கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். இன்று 6 என்கிறார்கள். பிரார்த்தனை செய்யக்கூட மனம் வரவில்லை.

ஒரு மதிப்பெண் ஏறி இறங்குவதில் உங்கள் நம்பிக்கையைக் கட்டி வைக்காதீர்கள் அம்மா. ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா அளவுகோல்) என்பது நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்குப் போடும் மதிப்பெண். அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு. தொண்டையில் குழாய் இருக்கும்போது பேச்சைச் சோதிக்கவே முடியாது. அதற்கு 1 போட்டு, பக்கத்தில் ‘டி’ (டியூப், அதாவது குழாய்) என்று குறிப்பது வழக்கம். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் எண் இன்னும் கீழே போகும். மூளை வீக்கமும் அடிபட்ட அன்றே முழுதாக வந்துவிடாது, பெரும்பாலும் அடுத்த சில நாள்களில்தான் உச்சத்தைத் தொடும். இடையில் நிலைமை மோசமாகத் தெரிவதால் வேண்டுதல் பலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

மொத்த எண்ணை விட்டுவிட்டு அசைவு மதிப்பெண்ணைக் கேளுங்கள். வலி கொடுத்த இடத்துக்கே கையைக் கொண்டுவந்து தட்டிவிட்டால் 5, வெறுமனே இழுத்துக்கொண்டால் 4, கை விறைத்து நீண்டால் 2. மருத்துவர்கள் அதிகம் கவனிப்பது இதைத்தான்.

தினமும் ஒரே ஆள், ஒரு நோட்டோடு போய் மருத்துவரைப் பாருங்கள். ஆளுக்கொருவர் கேட்டால் ஆளுக்கொரு கதையாகத்தான் வீட்டுக்கு வரும். கேட்க வேண்டியவை நான்கு. இன்று எதை நினைத்து அதிகம் கவலைப்படுகிறீர்கள்? நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது? மயக்க மருந்தை எப்போது குறைத்துப் பார்ப்பீர்கள்? நல்லபடியாகப் போனால் எப்படி இருப்பார், மோசமானால் எப்படி, எதற்கு வாய்ப்பு அதிகம்? கடைசிக் கேள்விக்கு முதல் சில நாள்களில் “இப்போது சொல்ல முடியாது” என்றால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அப்போது அதுதான் நேர்மையான பதில்.

அந்த நோட்டில் இருப்பதையே வேண்டிக்கொள்ளலாம். இன்று காய்ச்சல் ஏறக் கூடாது, மண்டைக்குள் அழுத்தம் 22-ஐத் தாண்டக் கூடாது, சளி கட்டக் கூடாது. “முழுசாகத் திருப்பிக் கொடு” என்று கேட்க வாய் வராத நாளிலும் இவ்வளவு கேட்க முடியும்.

கேள்வி: கூப்பிட்டவுடன் அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். நர்ஸ் “ரிஃப்ளெக்ஸ்” என்கிறார். நாங்கள் பேசுவது கேட்குமா?

உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தானாக மூடிக்கொள்வது உண்டு. அதனால் கையைத் தொடாமல், “கட்டை விரலைத் தூக்குங்கள்” என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் பத்து, பதினைந்து விநாடி காத்திருங்கள். கேட்டதை மட்டும் செய்து, மறுபடி சொல்லும்போதும் செய்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நாள் முழுவதும் சோதித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், அது இருவரையும் களைக்க வைக்கும்.

கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டளையிட்டும் வெளியே தெரியும்படி எந்த அசைவும் காட்டாத 241 பேரைச் சோதித்தபோது 60 பேரின் மூளை அந்தக் கட்டளைக்குப் பதில் காட்டியது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பேச இது போதும். முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள், பிறகு நாள், இடம், என்ன நடந்தது. ஒரு நேரத்தில் ஒரு குரல் போதும். பிரார்த்தனையைக் காதருகே மெல்லச் சொல்லலாம். நாடித்துடிப்போ அழுத்தமோ மானிட்டரில் ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

உதட்டில் ஒரு சொட்டுப் புனித நீர்கூட வேண்டாம். விழுங்கும் திறன் இல்லாதபோது அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் தீ எந்த வடிவிலும் கூடாது. பிரார்த்தனைப் பொருளை உறை போட்டுத் தலைமாட்டில் வைக்கலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் அனுமதிப்பார்கள்.

கேள்வி: “உனக்கு விசுவாசம் போதவில்லை” என்கிறார்கள் உறவினர்கள். எனக்குக் கடவுள்மேல் கோபம்தான் வருகிறது.

கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். பல சமயத்துப் பக்தர்களும் அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். மூளை வீக்கத்துக்கும் உங்கள் விசுவாசத்தின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படிப் பேசுகிறவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: இரவுக் காவல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, இன்ஷூரன்ஸ் காகிதம். நீங்கள் ஆறு மணி நேரமாவது படுத்துத் தூங்குங்கள். தூங்காத மனதில் எல்லாமே தண்டனையாகத்தான் தெரியும்.

கேள்வி: கழுத்தில் துளை போட வேண்டும் என்கிறார்கள். சம்மதித்தால் கைவிட்டதாக ஆகாதா?

ஆகாது. டிரக்கியாஸ்டமி செய்தால் வாய்க்குழாயை எடுத்துவிடலாம், மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எளிதாக உறிஞ்சலாம், வென்டிலேட்டரிலிருந்து படிப்படியாக விடுவிக்கலாம். தானாக மூச்சுவிட்டு, நன்றாக இருமத் தொடங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள், துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் ரத்தக்கசிவு, தொற்று பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.