நின்றுபோன மேக்கப் சரக்கை ஆன்லைனில் விற்பது: கேள்வி-பதில்

கேள்வி: மூடிவிட்ட ஒரு கடையின் சரக்கிலிருந்து சுமார் 400 மேக்கப் சாமான்கள் மொத்தமாகக் கிடைத்தன. லிப்ஸ்டிக், காம்பாக்ட், ஃபவுண்டேஷன், மஸ்காரா, நெயில் பாலிஷ், கொஞ்சம் பெர்ஃப்யூம் இருக்கின்றன. பெரும்பாலானவை இப்போது தயாரிப்பில் இல்லை. ஆன்லைனில் விற்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் வயதைப் பாருங்கள். கையில் 400 இருக்கிறது என்று இப்போதே லாபக் கணக்குப் போட வேண்டாம். தரம் பிரித்த பிறகு மிஞ்சுவதுதான் சரக்கு.

பிரிப்பதற்கு எளிய அளவுகோல் தண்ணீர். கிருமி வளர ஈரம் வேண்டும். காம்பாக்ட், ஐ ஷேடோ, பென்சில், லிப்ஸ்டிக் போன்றவற்றில் நீர் இல்லை அல்லது மிகக் குறைவு. அதனால் சீல் பிரிக்காமல், வெயில் படாமல் இருந்தால் நெடுநாள் தாங்கும். பவுடர்தான் இதில் கெட்டிக்காரன். லிப்ஸ்டிக்கைக் கெடுப்பது கிருமியைவிட எண்ணெய்தான். பல ஆண்டு கழித்து அதிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மேலே முத்து முத்தாக வியர்த்திருந்தால் மட்டும் தள்ளிவிட வேண்டாம், வெப்பம் ஏறி இறங்கினாலே அப்படி வரும். வாடை வந்துவிட்டால் எந்தத் தள்ளுபடியிலும் விற்காதீர்கள்.

ஃபவுண்டேஷன், கிரீம், மஸ்காரா, லிக்விட் ஐலைனர் ஆகியவை பெரும்பாலும் நீர் கலந்தவை. அவற்றைக் காப்பது அதிலுள்ள பதப்படுத்தி. நாள் ஆக ஆக அதன் வீரியம் குறையும். மஸ்காரா மூடி இறுக்கமாக இருந்தாலும் உள்ளே உலர்ந்துகொண்டுதான் இருக்கும். அதோடு, அது கண்ணைத் தொடும் பொருள். மூன்று ஆண்டு தாண்டிய மஸ்காராவை யோசிக்காமல் ஒதுக்குங்கள். சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் எண் போட்ட ஃபவுண்டேஷன், வைட்டமின் சி சீரம், ரெட்டினால் கிரீம் ஆகியவற்றில் பிரச்சினை வேறு மாதிரி: பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வேலை செய்யும் பொருள் உள்ளே செத்திருக்கும். தேதி அச்சிடாத சன்ஸ்கிரீனை, வாங்கி மூன்று ஆண்டு ஆனால் காலாவதியானதாகக் கருதச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. உங்கள் சரக்கு எப்போது வாங்கப்பட்டது என்றே தெரியாது, எனவே தேதி இல்லாதவற்றை நேராகக் கழித்துவிடலாம்.

பிரித்த பிறகு, ஒவ்வொரு பேட்ச் எண்ணிலும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கு நிறுவனம் இடும் எண்) ஒன்றைத் தியாகம் செய்து திறந்து பாருங்கள். முகர்ந்து, டிஷ்யூவில் தடவி, நிறமும் பதமும் பார்க்க வேண்டும். ஃபவுண்டேஷன் குலுக்கியும் சேராமல் எண்ணெய் தனியாக நின்றால் அந்த பேட்ச் முழுவதுமே போனது. நெயில் பாலிஷ் அடியில் படிந்திருப்பது சகஜம். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு நிமிடம் உருட்டினால் கலந்துவிட வேண்டும்.

கேள்வி: பல பொருட்களில் தேதியே இல்லை. அடியில் ஏதோ மூன்று எழுத்து, பக்கத்தில் திறந்த டப்பா படத்துக்குள் ‘12 எம்’. எப்படி வயது கண்டுபிடிப்பது?

பதில்: ‘12 எம்’ உங்களுக்கு உதவாது. திறந்த பிறகு 12 மாதம் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். திறக்காத பொருளின் வயதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 30 மாதத்துக்கு மேல் கெடாத பொருளுக்குக் காலாவதித் தேதி அச்சிட வேண்டியதில்லை, இந்தக் குறி போதும். தேதி இல்லாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், கள்ளச் சரக்கு என்று பயப்பட வேண்டாம்.

வயதைச் சொல்வது அடியில் உள்ள பேட்ச் எண்தான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. எஸ்டீ லாடர் குழுமப் பொருட்கள் பலவற்றில் மூன்று எழுத்துகள் இருக்கும்: முதலாவது ஆலை, இரண்டாவது மாதம், மூன்றாவது ஆண்டின் கடைசி இலக்கம். ‘ஏ86’ என்றால் ஆகஸ்ட், 6-இல் முடியும் ஆண்டு. அது 2016-ஆ, 2006-ஆ? சிக்கல் இங்கேதான். பேட்ச் எண்ணைத் தேதியாக மாற்றித் தரும் இணையதளங்கள் பெரும்பாலும் அண்மைய ஆண்டைத்தான் காட்டும். அந்த ஷேடு எந்த ஆண்டில் நின்றது, பெட்டியின் வடிவம் எப்போது மாறியது என்று ஒப்பிட்டுப் பத்தாண்டை நீங்களே தீர்மானிக்க வேண்டும். நின்றுபோன சரக்கு விற்பவருக்கு இதில் ஒரு வசதி: தயாரிப்பு நின்ற ஆண்டுக்குப் பிந்திய தேதி வரவே முடியாது. வந்தால் ஒன்று தளம் தவறு, இல்லையென்றால் பொருள் போலி.

கேள்வி: டெஸ்டர்களும் பெட்டி இல்லாதவையும் சில உள்ளன. அவற்றையும் போடலாமா?

பதில்: டெஸ்டரை, அதாவது கடையில் தடவிப் பார்க்க வைக்கும் மாதிரியை, ஒதுக்கி வையுங்கள். அழகுப் பொருள் நிறுவனமான லோரியால், ஆன்லைன் விற்பனைத் தளமான ஈபே இரண்டுக்கும் இடையிலான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் சொன்னது: விற்பனைக்கு அல்ல என்று கடைகளுக்கு இலவசமாகத் தந்த டெஸ்டரும் சாம்பிளும் பொதுவாகச் சந்தையில் விடப்பட்டவை ஆகா. அதாவது, அவற்றின் விற்பனையை பிராண்டு எதிர்க்க முடியும். பெட்டியை நீக்கி விற்பதையும், தயாரிப்பாளர் பெயர் முதலான கட்டாய விவரங்கள் அதனால் இல்லாமல் போனால், எதிர்க்கலாம் என்றது. பெட்டி இல்லாததை விற்பதானால் விவரம் முழுக்கப் பொருள் மீதே இருக்கிறதா என்று பாருங்கள். திறந்தது, கையில் ஒரு கோடு தடவிப் பார்த்தது எல்லாம் பயன்படுத்தியதுதான். ஈபே பயன்படுத்திய மேக்கப்பை அனுமதிப்பதில்லை.

கேள்வி: பழைய பொருளில் இப்போது தடை செய்த ரசாயனம் இருக்குமா?

பதில்: இருக்கலாம். பலர் கோட்டை விடுவது இதில்தான். லிலியல் என்ற நறுமணப் பொருள் முன்பு பெர்ஃப்யூம், ஷாம்பு, லோஷன் எல்லாவற்றிலும் வந்தது. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தடை. லேபிளில் ‘பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரொபியனால்’ என்று இருக்கும். ஜெல் நெயில் பாலிஷில் வந்த டிபிஓ (TPO) என்ற ரசாயனம், 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை. தடைக்கு முன் செய்த பொருள் என்பது சாக்காகாது, அந்த நாளுக்குப் பிறகு விற்கவே கூடாது. வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு விதிதான் செல்லும். ஆகவே அனுப்பும் நாடுகளின் பட்டியலைத் தளத்தில் குறுக்கிவிடுவது நல்லது. சிவப்பழகு கிரீம் எதுவும் லாட்டில் கிடந்தால், பொருள் பட்டியலில் ‘மெர்குரி’, ‘மெர்குரிக்’, ‘கலோமெல்’ என்ற சொல் தெரிந்தால் தொடவே வேண்டாம். பாதரசக் கழிவைச் சாதாரணக் குப்பையில் போடவும் கூடாது.

கேள்வி: விலை எப்படி வைப்பது? சிலர் மூன்று மடங்கு கேட்கிறார்களே?

பதில்: கேட்கிறார்கள், சரி. விற்கிறதா? விற்பனைத் தளத்தின் தேடலில் ‘விற்றுப்போனவை’ என்று வடிகட்டி, கடைசி மூன்று மாதத்தில் உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். நின்றுபோன பொருளை வாங்குபவர் மேக்கப் தேடி வருவதில்லை. பத்து வருடமாகப் போட்ட ஒரே ஷேடைத் தேடி வருகிறார். அதனால் பெயர்பெற்ற லிப்ஸ்டிக் ஷேடு, பழைய ஃபார்முலா பெர்ஃப்யூம் இரண்டும் நல்ல விலை பிடிக்கும். பருவத்துக்கு ஒருமுறை வந்துபோன ஐ ஷேடோ நின்றாலும் நிற்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை, அதை ஐந்தைந்தாகக் கட்டி லாட்டாகத் தள்ளுங்கள். ஒரே ஷேடு 60 இருந்தால் 60 என்று காட்டாதீர்கள். மூன்று மூன்றாகப் போடுங்கள், கையிருப்பு தெரிந்தால் விலை அன்றே இறங்கும். ஆனால் ‘உலகில் கடைசி ஒன்று’ என்று பொய் எழுதவும் வேண்டாம்.

தலைப்பில் பிராண்டு, பொருள், ஷேடு பெயர், ஷேடு எண், அளவு இருக்க வேண்டும். ஷேடு பெயரில் ஓர் எழுத்து தப்பினால் தேடுபவர் கண்ணில் படாது. பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், சீல், பேட்ச் எண் தெரியும் அடிப்பக்கம் என்று மூன்று படம் போதும். பழைய விலை ஸ்டிக்கரை ஹேர் டிரையரின் மிதச் சூட்டில் உரியுங்கள். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் பசையோடு பேட்ச் எண்ணும் போய்விடும், பிறகு அந்தப் பொருளின் வயதை யாரிடமும் நிரூபிக்க முடியாது. விவரத்தில் தயாரிப்பு ஆண்டை மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: பெர்ஃப்யூமையும் நெயில் பாலிஷையும் கூரியரில் அனுப்பலாமா?

பதில்: இரண்டும் எரியக்கூடிய திரவம். பெர்ஃப்யூமுக்கு ஐ.நா. ஆபத்துப் பொருள் எண்ணே உண்டு, 1266. ஸ்ப்ரே டப்பாவுக்கு 1950. சர்வதேச அஞ்சலில் இவற்றுக்கு இடமில்லை. உள்நாட்டில் தரைவழியாக, குறைந்த அளவில் ஏற்கும் கூரியர் உண்டு, பார்சல் மேல் அதற்கான குறி ஒட்ட வேண்டும். ‘பரிசுப் பொருள்’ என்று எழுதி அனுப்பிப் பிடிபட்டால் பார்சலும் போகும், கணக்கும் முடங்கும். காம்பாக்ட்டுக்கு உடைவதுதான் பயம். அசையாதபடி குமிழித்தாளில் இறுக்கிச் சுற்றுங்கள், உள்ளே பஞ்சு வைக்கிறேன் என்று சீலை உடைக்க வேண்டாம். கடும் கோடையில் லிப்ஸ்டிக்கை வார இறுதியில் அனுப்பாதீர்கள், சூடான வண்டியில் இரண்டு நாள் கிடந்தால் குழைந்துவிடும்.

கேள்வி: ‘வாடை வருகிறது’ என்று வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டால்?

பதில்: பேட்ச் எண்ணோடு படம் அனுப்பச் சொல்லி, நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். தம்மிடமிருந்த பழையதை மாற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. எண் ஒத்துப்போனால் வாதாடாமல் கொடுத்துவிடுங்கள், பொருளைத் திரும்பக் கேட்காதீர்கள். வந்தாலும் மறுபடி விற்க முடியாது. தோல் தடித்தது, கண் சிவந்தது என்று ஒரே ஒரு புகார் வந்தாலும், அல்லது ஒரே பேட்ச்சில் இரண்டாவது வாடைப் புகார் வந்தாலும், மிச்சமுள்ளதை அன்றே தளத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே பேட்ச்சை வாங்கிய மற்றவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதுங்கள். யாருக்கு எந்த பேட்ச் போனது என்ற நோட்டு அப்போது வேண்டியிருக்கும், முதல் பார்சலிலிருந்தே எழுதி வையுங்கள்.