ரிப்போர்ட்ல டிஸ்பிளேசியான்னு இருக்கு, இது கேன்சரா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு 61 வயசு, ரொம்ப வருஷமா சிகரெட் பழக்கம் உண்டு. ரெண்டு தடவை யூரின் செவப்பா போச்சு, வலியே இல்ல, அப்புறம் தானா நின்னுடுச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல, ஆனாலும் மூத்திரப்பைக்குள்ள ஸ்கோப் விட்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க, டிஸ்பிளேசியான்னு வந்திருக்கு. மருந்து எதுவும் தரல, மூணு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கோப்புக்கு வாங்கன்னுட்டாங்க. இவர் இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேங்கறார். என்ன பண்றது?

பதில்: டிஸ்பிளேசியா கேன்சர் இல்லம்மா, முதல்ல அந்த பயத்தை விடுங்க. ஆனா அப்படியே மறந்துடற விஷயமும் இல்ல.

மூத்திரப்பை உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, அதுல செல்லெல்லாம் அடுக்கடுக்கா ஒழுங்கா இருக்கும். டிஸ்பிளேசியாவுல அந்த ஒழுங்கு குலைஞ்சு, சில செல்லோட நியூக்ளியஸ், அதாவது நடுவுல இருக்கற கரு, பெருசாகி மைக்ராஸ்கோப்ல கறுப்பா தெரியும். இதுவே முத்திப் போயிருந்தா 'கார்சினோமா இன் சிட்டு'ன்னு எழுதுவாங்க, அது கேன்சர்தான், ஆழமா இறங்காம மேல்சவ்வுலயே இருக்குன்னு அர்த்தம், ஆனா வீரியமான வகை, சும்மா விட்டா அஞ்சு வருஷத்துக்குள்ள பாதிப் பேருக்கு தசைக்குள்ள இறங்கிடும். அதுக்கு வாரம் ஒரு தடவைன்னு ஆறு வாரம் பி.சி.ஜி. மருந்தை டியூப் வழியா பைக்குள்ள விடுவாங்க, ஆமா, டி.பி. வராம இருக்க குழந்தைங்களுக்குப் போடற அதே பி.சி.ஜி.தான், 1976லயே மொராலஸ்ங்கற டாக்டர் இத மூத்திரப்பை கேன்சருக்குப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கார்.

டிஸ்பிளேசியா, கார்சினோமா இன் சிட்டு, இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு ரொம்ப மெல்லிசு, ஒரே ஸ்லைடை ரெண்டு பேத்தாலஜிஸ்ட் (எடுத்த சதையை மைக்ராஸ்கோப்ல பார்த்து ரிப்போர்ட் எழுதற டாக்டர்) பார்த்தா ரெண்டு விதமா சொல்றதும் நடக்கும். அதனால ஸ்லைடையும், மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற சதைத் துண்டான பிளாக்கையும் கேட்டு வாங்கி, இன்னொரு அனுபவமான பேத்தாலஜிஸ்ட் கிட்ட காட்டிடுங்க, நான் கண்டிப்பா அதைச் செய்யச் சொல்லுவேன். மருந்து தரலியேன்னு டாக்டரை சந்தேகப்படாதீங்க, டிஸ்பிளேசியாவுக்குன்னு தனி மாத்திரை கிடையாது, தொடர்ந்து பார்க்கறதுதான் வைத்தியமே. ஸ்கேன் எடுத்தா போதாதாங்கறவங்களுக்கும் சொல்றேன், இது கட்டியா எழும்பாம தட்டையா படர்ந்திருக்கறதால ஸ்கேன்ல சிக்காது. ஸ்கோப்லயே சில சமயம் வெல்வெட் துணி மாதிரி ஒரு செவப்புத் திட்டு, அவ்வளவுதான், சில பேருக்கு அதுகூட தெரியாது. அதான் கூடவே யூரின் சைட்டாலஜியும், அதாவது யூரின்ல உதிர்ற செல்லை மைக்ராஸ்கோப்ல பார்க்கற டெஸ்டும், எடுப்பாங்க.

சிகரெட்டை மட்டும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. புகையில இருக்கற விஷத்தை கிட்னி வடிகட்டி அனுப்ப, அது மணிக்கணக்கா இந்தப் பையிலதான் தேங்கி நிக்குது. சாயப்பட்டறை, ரப்பர் கம்பெனி வேலை ஏதாவது செஞ்சிருந்தார்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும், 1895லயே ஜெர்மனியில ரேன்ங்கற சர்ஜன் சாயத் தொழிலாளிங்களுக்கு மூத்திரப்பை கேன்சர் வர்றதைக் கவனிச்சு சொல்லிட்டார்.

போன தடவை வலிச்சதாலதான் அவர் பயப்படறார்னு நினைக்கிறேன். வளையற ஸ்கோப் இருக்கான்னு கேளுங்க, மரத்துப்போற ஜெல் வெச்சு சில நிமிஷத்துல முடிஞ்சிடும், அப்புறம் ஒருநாள் ரெண்டுநாள் எரிச்சல் இருக்கலாம். குளிர் காய்ச்சல் வந்தாலோ யூரின் அடைச்சாலோ உடனே போயிடணும். நடுவுல திரும்ப ரத்தம் போனாலும், இல்ல அடிக்கடி அவசரமா எரிச்சலோட யூரின் வந்து, கிருமி இருக்கான்னு பார்க்கற யூரின் கல்ச்சர் டெஸ்ட்ல கிருமியே இல்லன்னாலும், மூணு மாசம் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.