ஜாவா தீவு, ஜாவா காபி, ஜாவா கணினி மொழி, ஜாவா மோட்டார் சைக்கிள்: இவற்றுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவற்றுக்குள் தொடர்பு உண்டா என்பது ஒன்று. தேடும்போது ஒன்று கேட்டால் இன்னொன்று வந்து நிற்கிறதே, எப்படிப் பிரிப்பது என்பது மற்றது.

முதலில் தொடர்பு. தீவு, காபி, கணினி மொழி மூன்றும் ஒரே கொடியில் வந்தவை. தீவின் பெயர் காபிக்குப் போனது, காபியின் பெயர் மொழிக்குப் போனது. மோட்டார் சைக்கிள் அந்தக் கொடியில் இல்லை. காகசஸ் மலையில் ஜாவா என்றொரு சிற்றூர் இருக்கிறது, ஜோர்தானின் எரிமலைப் பாறைப் பாலைவனத்தில் ஜாவா என்றொரு பாழூர் இருக்கிறது. அவையும் தனித்தனி. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.

மோட்டார் சைக்கிளில்தான் பலரும் தவறுகிறார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். செக்கோஸ்லோவாகியாவின் பிராகா நகரில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திய ஃப்ரான்டிஷேக் யானெச்செக், 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து அதன் 500 சிசி வண்டியைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். யானெச்செக்கின் முதல் இரண்டு எழுத்தும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். செக் மொழியில் அதன் உச்சரிப்பு 'யாவா'. (அதே வாண்டரர் 1932இல் ஆட்டோ யூனியன் கூட்டில் சேர்ந்தது. இன்றைய ஆடி காரின் முகப்பில் உள்ள நான்கு வளையங்களில் ஒன்று வாண்டரருக்கு உரியது. பாதி ஜாவா ஆடிக்குள் இருக்கிறது என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் உண்மை.)

இந்தியாவில் மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் இந்த வண்டியைத் தயாரித்தது. 1970களில் பெயர் யெஸ்டி ஆனது. ஆலை 1996இல் மூடப்பட்டது. 2018 நவம்பரில் மகிந்திராவின் துணை நிறுவனமான கிளாசிக் லெஜன்ட்ஸ் ஜாவா பெயரை மீண்டும் கொண்டுவந்தது. ஆக, 'ஜாவா வண்டி' என்பதற்குள்ளேயே இரண்டு வண்டிகள். உதிரிபாகம் வாங்கும்போது இங்கேதான் பணம் வீணாகும். பழைய 250 ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 65 மி.மீ. துளை, 75 மி.மீ. ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மின்சாரம் 6 வோல்ட். இடது பக்கம் ஒரே நெம்புகோல்தான், அதைத் திருப்பினால் கிக்கர், முன்னால் தள்ளினால் கியர். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து இரட்டை சிலிண்டர் என்று நினைக்கக் கூடாது. 2018இல் வந்த வண்டி 293 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், நீரால் குளிரும் எஞ்சின், ஆறு கியர். இதன் பெட்ரோல் டாங்கில் ஆயில் கலக்கும் வேலையே இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வாஷர்கூடத் தேறுமா என்பது சந்தேகம். அதனால் கடையில் 'ஜாவா பிஸ்டன்' என்று மட்டும் கேட்காதீர்கள். பழையது என்றால் 'ஏ டைப், 250' என்றும், புதியது என்றால் மாடல் பெயரையும் வருடத்தையும் சேர்த்தும் சொல்லுங்கள். பழைய 250க்கு 353 என்ற வகை எண் உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் தேடும்போது அந்த எண்தான் கைகொடுக்கும்.

இனி தீவு. இந்தோனேசியாவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல், சுமார் 15 கோடிப் பேர், இந்த ஒரு தீவில் வாழ்கிறார்கள். ஜகார்த்தா, சுரபாயா, பண்டுங் நகரங்கள், போரோபுதூர் பௌத்தக் கோயில் எல்லாம் இங்கேதான். வால்மீகி ராமாயணத்தில் யவத்வீபம் என்று வரும் பெயரும், மணிமேகலையில் சாவகநாடு என்று வரும் பெயரும் இதன் பழைய வடிவங்களே. ஆனால் பழைய நூலில் சாவகம் என்று கண்டவுடன் இன்றைய வரைபடத்தில் விரல் வைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் அப்பெயர் சுமத்ரா, மலாய்த் தீபகற்பம் வரை நீண்டது. 13ஆம் நூற்றாண்டில் இலங்கை மீது படையெடுத்த சந்திரபானுவை நூல்கள் சாவக மன்னன் என்கின்றன. அவன் ஊரோ இன்றைய தெற்குத் தாய்லாந்துப் பகுதி. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியின் பெயரையும் சாவகர் குடியிருந்த சேரி என்றே விளக்குவார்கள். கொழும்பில் ஜாவா லேன் என்று ஒரு தெருவே உண்டு. டச்சுக்காரர் காலத்தில் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலாய் மக்களோடு சேர்ந்த பெயர் அது.

அராபியரும் இப்படித்தான் சுமத்ராவை ஜாவா என்று அழைத்தார்கள். அங்கிருந்து வந்த மரப்பிசினுக்கு அவர்கள் வைத்த பெயர் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குங்கிலியம். நாம் சாம்பிராணி என்று புகைபோடுவதும் இதைத்தான். ஐரோப்பியர் வாயில் முன்னெழுத்து உதிர்ந்து 'பென்ஜாவி', 'பென்ஜாயின்', கடைசியில் 'பென்சாயின்' என்றானது. அந்தப் பிசினிலிருந்து கிடைத்தது பென்சாயிக் அமிலம். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து வடித்து ஒரு திரவத்தைப் பிரித்த ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷெர்லிஷ், 1830களில் அதற்கு 'பென்சின்' என்று பெயரிட்டார். இன்றைய பென்சீன் அதுதான். ஜெர்மனிலும் செக் மொழியிலும் பெட்ரோலுக்கே 'பென்சின்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஜாவா மோட்டார் சைக்கிளுக்கும் ஜாவா தீவுக்கும் உறவில்லை என்றாலும், பிராகாவில் அந்த வண்டியின் டாங்கில் ஊற்றும் எரிபொருளின் பெயருக்குள் தீவு ஒளிந்திருக்கிறது.

காபிக்கு வருவோம். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி மலபார் கரையிலிருந்து 1696இல் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோன கன்றுகள் வெள்ளத்தில் அழிந்தன. 1699இல் கொண்டுபோனவை பிழைத்தன. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் கிண்ணத்தில் இருந்தது பெரும்பாலும் ஏமனின் மோகா அல்லது ஜாவா. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஜாவா என்றாலே காபி என்று ஆனது இதனால்தான். 1870களில் இலைத்துரு நோய் தீவுக்கு வந்து, தாழ்நில அராபிகாத் தோட்டங்களைத் துடைத்துப் போட்டது. 1900 வாக்கில் ரொபஸ்டா என்ற வேறு காபி இனம் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று நல்ல ஜாவா அராபிகா என்றால் கிழக்கு ஜாவாவின் இஜென் மேட்டுநிலத் தோட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாக்கெட் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஜாவா' என்பது காபிச் செடி வகை ஒன்றின் பெயரும்கூட. எத்தியோப்பியாவில் பிறந்து, ஜாவா வழியாக கேமரூன் போய், பிறகு மத்திய அமெரிக்காவுக்குச் சென்ற வகை அது. 'நிகரகுவா, ஜாவா' என்று அட்டையில் இருந்தால் கலவை என்று பொருளில்லை. நிகரகுவாவில் விளைந்த ஜாவா வகை என்று பொருள். விளைந்த இடம், செடியின் வகை என்று இரண்டு வரிகள் அட்டையில் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'மோகா ஜாவா' என்பதுதான் கலவை, அதாவது ஏமன் கொட்டையும் ஜாவா கொட்டையும் சேர்ந்தது. இந்தப் பெயரில் இன்று விற்பவற்றில் இரண்டு ஊர்க் கொட்டையுமே இல்லாமல் இருக்கலாம். வெறும் பெயரை நம்பி கூடுதல் விலை கொடுப்பது வீண்.

கணினி மொழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு 1991இல் தொடங்கியபோது அதன் பெயர் 'ஓக்'. அவருடைய அலுவலகத்துக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. 1995 மே மாதம் ஜாவா என்று அறிவித்தார்கள். ஆவி பறக்கும் கோப்பைச் சின்னம் வந்தது காபியால்தான். வேடிக்கை என்னவென்றால், கம்பைல் செய்யப்பட்ட ஒவ்வொரு ஜாவா கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறடி எண்ணாக (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்டு எழுதும் முறை) எழுதினால் 'கஃபே பேப்' (CAFEBABE) என்று படிக்கலாம். இது காபிப் பெயரைப் பார்த்து வைத்ததில்லை. ஜாவா என்ற பெயர் யார் வாயிலும் வருவதற்கு முன்பே அந்த எண் முடிவாகிவிட்டது.

ஜாவாஸ்கிரிப்ட் இதன் தம்பி இல்லை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதே 1995இல் பத்து நாளில் எழுதியது. முதல் பெயர் மோகா, அடுத்து லைவ்ஸ்கிரிப்ட். ஜாவாவுக்கு அப்போது இருந்த புகழோடு ஒட்டிக்கொள்ள டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். இதன் விலையை முப்பது ஆண்டுகளாக மாணவர்கள் கொடுத்துவருகிறார்கள். 'ஜாவா கற்றுத் தருகிறோம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பைல் செய்வது, வகுப்பு, ஸ்ப்ரிங், ஆரக்கிள் இணைப்பு என்று இருந்தால் அது ஜாவா. உலாவி, வலைப்பக்கம், நோட், ரியாக்ட் என்று இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட். கையில் உள்ள நிரல் எது என்று ஐயம் வந்தால் "10" - 5 என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துச்சரத்தை எண்ணாக்கிக் கழித்து 5 என்று சொல்லிவிடும். ஜாவா கம்பைல் ஆகும்போதே பிழை காட்டி நின்றுவிடும். "10" + 5 போட்டுச் சோதிக்காதீர்கள். இரண்டுமே ஒட்டவைத்து 105 என்றுதான் தரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1891இல் யூஜின் டுபோய்ஸ் சோலோ ஆற்றங்கரையில் கண்டெடுத்த மண்டையோட்டுக்குரிய 'ஜாவா மனிதன்', ஜாவா காண்டாமிருகம், ஜாவா சிட்டு எல்லாம் தீவின் பெயரால் வந்தவை. ஆங்கிலத்தில் 'ஜாவா பிளம்' என்று படித்தால் பதற வேண்டாம், அது நம் நாவல்தான். தெற்கு ஒசேத்தியாவின் ஜாவா, 1991 ஏப்ரல் 29 நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்த ஊர். ஒசேத்திய மொழியில் அதன் பெயர் 'ட்ஸாவ்'. ஜோர்தானின் ஜாவா ஐயாயிரம் ஆண்டுக்கும் பழையது, உலகின் மிகப் பழைய அணைகளில் ஒன்று அங்கே இருக்கிறது.

கப்பல்களில் குழப்பம் இன்னும் அதிகம். பிரிட்டனின் ஜாவா போர்க்கப்பலை 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் வென்றது. அந்த வெற்றியின் நினைவாக அமெரிக்காவும் தன் கப்பல் ஒன்றுக்கு ஜாவா என்று பெயரிட்டது. 1942 பிப்ரவரி 27 அன்று நடந்த ஜாவாக் கடற்போரில் மூழ்கியவற்றில் டச்சுக் கப்பல் ஜாவாவும் ஒன்று. 2016இல் ஆய்வுக்குப் போனவர்கள் கடலடியில் பார்த்தபோது அந்தக் கப்பல் இருந்த இடம் காலி, உலோகத்துக்காக யாரோ பெயர்த்துப் போயிருந்தார்கள். இப்படி ஒரு கப்பலைப் பற்றி எழுதும்போது நாட்டையும் ஆண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் யாருக்கும் விளங்காது.

தேடும் முறை. தமிழ் எழுத்தில் எல்லாம் ஒன்றாகிவிடுவதால் ஆங்கில எழுத்து பிரித்துக் காட்டும் என்று நினைப்பீர்கள். தீவுக்கும் மொழிக்கும் 'வி', வண்டிக்கு 'டபிள்யூ'. இது பாதிதான் பலிக்கும். ஏனெனில் இந்தோனேசியர் தங்கள் தீவையே டபிள்யூ போட்டுத்தான் எழுதுகிறார்கள். வண்டியைத் தேடினால் மேற்கு ஜாவா மாகாண அரசின் அறிவிப்பும் கூடவே வரும். வகைப்பெயரைச் சேர்த்துத் தேடுவதே வழி: ஜாவா தீவு, ஜாவா நிரலாக்கம், ஜாவா பைக். ஜாவாஸ்கிரிப்டை விலக்க, தேடல் பெட்டியில் ஜாவா என்று எழுதி இடைவெளி விட்டு -ஜாவாஸ்கிரிப்ட் -ஸ்கிரிப்ட் என்று இரண்டையும் சேருங்கள். சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் பிரித்தும் எழுதுவதால் இரண்டும் வேண்டும். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது. மேற்கோள் குறிக்குள் "ஜாவா" என்று கொடுத்தால் ஜாவாவில், ஜாவாவின் என்று வேற்றுமை உருபு ஏறிய பக்கங்கள் விடுபடக்கூடும், தேவைப்பட்டால் அவற்றையும் தனியாகத் தேடுங்கள். யாவா, சாவகம் என்ற எழுத்து வடிவங்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இலங்கைத் தமிழில் எழுதப்பட்டவையும் வரலாற்றுக் கட்டுரைகளும் பெரும்பாலும் அவற்றில்தான் சிக்கும்.