வாடகை பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

வணக்கம். கோவையில் இருந்துகொண்டு தாம்பரத்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். நான்கு மாத வாடகை நிற்கிறது, மோட்டார் இணைப்பைத் துண்டிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்துவதைத் தடை செய்கிறது. பாக்கி வைத்தவர் அவர், வழக்கில் மாட்டுவது நீங்கள் என்றாகிவிடும். அந்த வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். வேலை போயிருந்தால் தவணையாகத் தரச் சொல்லி எழுதி வாங்குங்கள். மழுப்பினால், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு பாக்கி என்று வங்கிக் கணக்கைப் பார்த்துக் குறித்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத பாக்கியே வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றக் கோருவதற்குப் போதுமான காரணம்.

ஆனால் உங்கள் ஒப்பந்தம் வாடகை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா? பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு என்ற பழைய வழக்கம் இந்தச் சட்டத்தின் கீழ் எடுபடாது. வழக்கறிஞரிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. முன்பணத்தை இன்னொரு வீட்டின் கடன் தவணைக்குச் செலவழித்துவிட்டீர்கள். மதுரையில் என் வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தபோது, தவணை கட்ட நகையை அடகு வைத்தேன். ஆறு மாதத் தவணை கையில் இல்லாமல் இரண்டாவது வீட்டில் இறங்கவே கூடாது. ஒப்பந்தம் என்று முடிகிறது என எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.