லோரிகீட்டுக்குத் தேன் தண்ணீர் போதுமா? – செல்லப்பறவை கேள்வி பதில்

ரெயின்போ லோரிகீட் கிளி ஒன்றை நான்கு மாதமாக வளர்க்கிறோம். வாங்கிய கடையில், தேன் கலந்த தண்ணீரும் கொஞ்சம் தினையும் வைத்தால் போதும் என்றார்கள். எச்சம் எப்போதும் தண்ணீராகவே இருக்கிறது, சுவர்வரை பீச்சியடிக்கிறது. வயிற்றுப்போக்கா?
– வாசகர், கோயம்புத்தூர்

தண்ணீராகப் போவது மட்டுமே நோயாகிவிடாது. லோரிகீட்டின் உணவே திரவம்தான். குடித்தது சீக்கிரமே வெளியேறிவிடும், அதுவும் வேகமாகப் பீச்சும். எச்சத்தில் கெட்ட நாற்றம் வந்தாலோ, ரத்தமோ கறுப்போ தெரிந்தாலோ, பின்புறச் சிறகில் ஒட்டிக் காய்ந்திருந்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் கொடுக்கும் உணவு. லோரிகீட் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலோரக் காடுகளில் யூகலிப்டஸ் பூக்களை நம்பி வாழும் பறவை. அதன் நாக்கு நுனியில் தூரிகை மயிர்போல நுண்ணிய இழைகள் இருக்கின்றன. தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுப்பதற்காக அமைந்தவை அவை. தானியத்தை அரைக்கும் இரைப்பை மற்ற கிளிகளுக்கு இருப்பதுபோல இதற்கு வலுவாக இல்லை. ஆகவே தினையை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தேன் தண்ணீரில் சர்க்கரை தவிர ஏறக்குறைய ஒன்றும் இல்லை. காட்டில் இந்தப் பறவைக்குப் புரதம் கிடைப்பது மகரந்தத்திலிருந்து. வெறும் தேனையே குடித்துவந்தால் புரதமும் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் குறைந்து, சிறகு மங்கி, சில மாதங்களில் பறவை நலிந்துபோகும். போதாததற்கு, நம் ஊர் வெயிலில் இனிப்புத் தண்ணீர் மதியத்துக்குள் புளித்துவிடும். அதில் பெருகும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தொண்டையிலும் குடலிலும் புண் உண்டாக்கும்.

லோரிகளுக்கென்றே (லோரிகீட்டும் அந்த இனம்தான்) தயாரித்த நெக்டார் பவுடரை, அதாவது பூந்தேனுக்கு மாற்றாகக் கரைத்துக் கொடுக்கும் தூளை வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி, கொதித்து ஆறிய நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். வளர்ந்த ஒரு ரெயின்போ லோரிகீட்டுக்குக் காலையில் 25 முதல் 30 மில்லி, மாலையில் அதே அளவு என்று தொடங்கலாம். கிண்ணம் காலியாகும் வேகத்தையும் பறவையின் எடையையும் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். வைத்த நெக்டாரை சாதாரண நாளில் நான்கு மணி நேரத்திலும், சித்திரை வைகாசியில் இரண்டு மணி நேரத்திலும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். எவர்சில்வர் கிண்ணம் இரண்டு செட் இருந்தால் ஒன்று கழுவிக் காயும்போது மற்றொன்று கூண்டில் இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கீறலுக்குள் வழவழப்பான அழுக்கு தங்கிவிடும். வெறும் தண்ணீர் எப்போதும் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

பவுடர் விலை அதிகம் என்று சிலர் குழந்தைகளுக்கான டப்பா உணவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். அந்த மாவுகளில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள். லோரி இனப் பறவைகளின் உடலில் மிகுதியான இரும்பு கல்லீரலில் போய்த் தங்கி அதைக் கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுத் திடீரென்று இறப்பது இந்த நோயில் உண்டு. வாங்கும் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இரும்பு இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். வைட்டமின் சி இரும்பை இன்னும் அதிகமாக உறிஞ்ச வைக்கும் என்பதால் ஆரஞ்சு, சாத்துக்குடி, நெல்லி, கொய்யா ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். விதை நீக்கிய ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம், தர்பூசணி இவற்றில் ஏதாவது ஒன்றிரண்டை நறுக்கி நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கொடுங்கள்.

பூ கொடுக்க மறக்காதீர்கள். வீட்டுச் செம்பருத்தியைக் காம்போடு பறித்து நீட்டிப் பாருங்கள். லோரிகீட் ஒற்றைக் காலில் பூவைப் பிடித்துக்கொண்டு, நீண்டிருக்கும் மகரந்தத் தண்டை அடியிலிருந்து நுனிவரை நாக்கால் வழிக்கும். பிறகு பூவின் அடியைக் கவ்வித் தேனை உறிஞ்சும். நெற்றியெல்லாம் மஞ்சள் பொடி அப்பியிருக்கும். இந்த வேலை இல்லாமல் கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைதான் கத்தவும் சிறகைப் பிய்க்கவும் தொடங்குகிறது. முருங்கைப் பூவும் பாட்டில்பிரஷ் பூவும்கூட நல்லவை. பூக்கடைப் பூ வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். அரளியில் எந்த நிறமானாலும் இலையும் பூவும் நஞ்சு.

நெக்டார் ஒட்டிய முகச்சிறகு பிசுபிசுத்துப் போகும். அதனால் தினமும் காலையில் அகலமான தட்டில் மூன்று விரற்கடை தண்ணீர் வையுங்கள், அதுவே குளித்துக்கொள்ளும். மாலையில் குளித்தால் ஈரத்தோடு தூங்க நேரிடும். கூண்டுக்குப் பின்னால் கழுவக்கூடிய அக்ரிலிக் தகடு ஒன்றை மாட்டினால் சுவர் பிழைக்கும். கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நெக்டார் வாசத்துக்கு எறும்பு வரிசை கட்டும். எறும்புப் பொடியைப் பறவை இருக்கும் அறையில் தூவவே கூடாது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காக்டெயில் கிளிக்குத் தயிர்சாதம், பாலில் நனைத்த பிரெட், முறுக்கு என்று ஆசையாக ஊட்டுகிறார்கள். சொன்னால் வருத்தப்படுகிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

காக்டெயிலின் எடை 90 கிராம் அளவுதான். நமக்கு ஒரு துண்டு முறுக்கு என்பது அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. அதிலுள்ள உப்பையும் எண்ணெயையும் அந்தச் சிறிய உடல் தாங்காது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைகளுக்கு இல்லை. அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு இவை துளிகூடக் கூடாது.

ஊட்டாதீர்கள் என்று சொல்வதைவிட, ஊட்டுவதற்கு வேறொன்றை அவர்கள் கையில் கொடுப்பது நல்லது. கழுவிய முருங்கைக்கீரைக் கொத்து, உப்பில்லாமல் வேகவைத்த பரங்கிக்காய்த் துண்டு, ஒரு நாள் முளைவிட்ட பாசிப்பயறு. மூன்றும் அவர்கள் சமையலறையிலேயே இருக்கும்.

ஏழு வயது ஆப்பிரிக்கன் கிரே கிளி. சூரியகாந்தி விதை தவிர எதையும் தொடாது. அடிக்கடி தும்முகிறது. வாய்க்குள் வெள்ளையாகக் கட்டி தெரிகிறது. பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்) வைத்தால் வீசியெறிகிறது.
– வாசகர், சென்னை

முதலில் அந்தக் கட்டி. விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும். அப்போது வாய், மூக்கு, சைனஸ் இவற்றின் உள்தோல் தடித்து, சுரப்பிகள் அடைத்து, கிருமி புகுந்து சீழ்க்கட்டி வரும். தும்மலும் அதனால் இருக்கலாம். நீங்களாகச் சுரண்டாதீர்கள், ரத்தம் கொட்டும். வைட்டமின் ஏ சொட்டு மருந்தையும் கடையில் வாங்கி ஊற்றாதீர்கள், அளவு மிஞ்சினால் அதுவும் விஷம். சென்னையில் இருக்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சூரியகாந்தியில் கொழுப்பு அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மற்ற கிளிகளைவிட ஆப்பிரிக்கன் கிரேக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போகும் போக்கு அதிகம். இறங்கினால் கிளையிலிருந்து தடுமாறி விழும், வலிப்பு வரும். அதனால் உணவை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் பட்டினி போட்டு அல்ல.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் எச்சமிட்ட பிறகு, தீனி வைக்கும் முன் எடை பார்த்து எழுதுங்கள். தொடங்கிய நாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே பழைய உணவுக்குத் திரும்பி மருத்துவரைக் கேளுங்கள். காலை எழுந்ததும் பசி அதிகம். அந்த நேரத்தில் விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பெல்லட்டும் பொடியாக நறுக்கிய காயும் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு விதை. மாலையும் அப்படியே. முதல் வாரம் எதையும் தின்னாது, கொத்தி உதறும். உதறுவதும் பழகுவதன் ஒரு பகுதிதான். பெல்லட்டை வெந்நீரில் நனைத்து, பிசைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கலந்தால் பல கிளிகள் ருசி பார்த்துவிடும். நீங்கள் அதன் எதிரில் உட்கார்ந்து அதே கேரட்டைக் கடித்துத் தின்னுங்கள். கிரே கூட்டத்தில் வாழும் பறவை, மற்றவர் தின்பதைத்தான் நம்பும்.

இரண்டு மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் பெல்லட், மீதியில் பெரும்பங்கு காயும் கீரையும், விதையும் பருப்பும் பத்தில் ஒரு பங்கு என்ற நிலைக்கு வந்தால் போதும். காயில் கேரட், பரங்கி, ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி முக்கியம். கீரையில் முருங்கைக்கு முதலிடம். பாலக்கில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் எப்போதாவது போதும். காலை வெயிலில் கூண்டை இருபது நிமிடம் வெளியே வையுங்கள், பாதி நிழலாக இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உருவாகாது.

சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு வைக்கலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வழக்கம் உண்டு.
– வாசகி, மதுரை

வேண்டாம். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருப்பதால் காற்றில் உள்ளது எதுவானாலும் நம்மைவிட வேகமாக அதன் ரத்தத்தில் சேரும். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் வாயுவுக்கு நமக்கு மணம்கூடத் தெரியாது, கிளி சில நிமிடங்களில் செத்துவிழும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, ஸ்பிரே எல்லாமே சுவாசத்தைக் கெடுப்பவை. சாம்பிராணி போடும் நாளில் பறவையை வேறு அறையில் வைத்துக் கதவை மூடி, புகை முழுவதும் கலைந்த பின் கொண்டுவாருங்கள்.

சந்தையில் பச்சைக்கிளிக் குஞ்சு விற்கிறார்கள், வாங்கலாமா? மிளகாய் கொடுத்தால் பேசும் என்பது உண்மையா? லோரிகீட்டுக்கும் அனுமதி வேண்டுமா?
– வாசகர், சேலம்

பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப்பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகளில் பல கூடைக்குள்ளேயே செத்துப்போகின்றன. வாங்குகிறவர் இருக்கும்வரை பொந்துக்குள் கையை விடுகிறவரும் இருப்பார். விற்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மிளகாய்க்கும் பேச்சுக்கும் தொடர்பில்லை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அதனால் விரும்பித் தின்கின்றன, அவ்வளவே. லோரிகீட், ஆப்பிரிக்கன் கிரே, சன் கனூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகள் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. 2024இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர்கள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே ரசீதும் பதிவு விவரமும் கேட்டு வாங்குங்கள்.

இரவில் கிளி சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் விடியும்வரை என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

கிளிகள் நோயை மறைக்கும். தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கனவே முற்றியிருக்கிறது. வால் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், அது மூச்சுத்திணறல். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பின் சூடு படும்படி செய்யுங்கள். பல்பு பெட்டிக்கு வெளியே, துணியிலோ அட்டையிலோ படாமல் இருக்கட்டும். உள்ளே 28 முதல் 30 டிகிரி போதும். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் விடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பைத் தள்ளிவையுங்கள். தண்ணீரும் வழக்கமான தீனியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் வேண்டாம். எச்சத்தை ஒரு பாலித்தீன் தாளில் எடுத்துவைத்து, காலையில் பறவையோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடைசியாக என்ன தின்றது, எத்தனை கிராம் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.